பஞ்சாயத்தார் அபிப்பிராயம்

கொலையோ, கிணற்றுச் சாவோ, தூக்கோ, பிணம் கிடக்கும் இடத்திலேயே உட்கார்ந்து போலீஸ்காரர் எழுதுகிற பிரேத விசாரணைப் படிவத்தில் 'பஞ்சாயத்தாரின் அபிப்பிராயம்' என்று ஓர் இடம் உண்டு. செத்தவர் எப்படிச் செத்திருப்பார், எதனால் செத்திருப்பார் என்று அக்கம்பக்கத்தார் நினைப்பதை அதில் எழுத வேண்டும். 1985 முதல் 2014 வரை சேலம் மாவட்டத்தில் கெங்கவல்லி, வீரகனூர், தெடாவூர் பக்கத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக வேலை பார்த்தேன். அந்த இடம் நிரப்பப்படுவதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஊர் வாயில் புரளுவதை அரசாங்கமே கேட்டு வாங்கி, கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் வைக்கச்சொல்லி மேலே அனுப்புகிற விந்தை வேறெந்தப் படிவத்திலும் கிடையாது.

என் அப்பா பரம்பரை மணியக்காரர். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராம அதிகாரிகள் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தபோது அவருக்கு வேலை போயிற்று. ஐந்து வருடம் கழித்து நான் தேர்வு எழுதி உள்ளே வந்தேன். பெயர்ப் பலகையில் கிராம நிர்வாக அலுவலர் என்று போட்டிருந்தாலும் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நானும் மணியாருதான்.

அப்பா காலத்தில் கெங்கவல்லி ஆத்தூர் தாலுகாவுக்குள் இருந்தது. சுவேத நதிக்கரையில் நெல்லும், மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கும் பருத்தியும். காட்டுக்குக் காடு கொட்டாய் போட்டுக் குடியிருப்பார்கள். ஒரு கொட்டாயில் நடப்பது அடுத்த கொட்டாய்க்குத் தெரிய விடிய வேண்டும். பிணம் கண்டால் முதலில் ஓடிவருகிறவர் தலையாரி. அப்பா திண்ணையில் உட்கார்ந்து யாதாஸ்து எழுதுவார். இன்ன சர்வே எண் நிலத்துக் கிணற்றில், இன்ன உடுப்போடு, இத்தனை வயது மதிக்கத்தக்க ஆண் பிணம் மிதக்கிறது என்பதோடு முடிந்துவிடும். "யார் செஞ்சாங்கன்னு எழுதலையாங்க மணியாரே?" என்று தலையாரி கேட்டால், "நீ பார்த்தியாடா?" என்பார். தலையாரி பேசமாட்டார். காகிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்.

போலீஸ் வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை பிணத்துக்குக் காவல் தலையாரிதான். நாயும் நரியும் அண்டாமல் ஒரு லாந்தரை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். துணைக்கு நாலு பேர் வருவார்கள், பீடி வரும், கருப்பட்டிக் காப்பி வரும். கதை கட்டப்படுவது அந்த ராத்திரியில்தான். காலையில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கும்போது ஊரிடம் ஆள், காரணம், ஆயுதம் எல்லாம் தயாராக இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கதைகளுக்குக் காரணம் மூன்றே மூன்று. வரப்பு, பொதுக்கிணற்றுத் தண்ணி முறை, பொம்பளை. நாலாவது ஒன்றை நான் கேட்டதில்லை. செத்தது ஆணாக இருந்தால் முதல் இரண்டில் ஒன்று. பெண்ணாக இருந்தால் யோசிக்கவே மாட்டார்கள், மூன்றாவதுதான். செத்தவள் வாயைத் திறந்து மறுக்கப்போகிறாளா என்ன?

இப்போது, படிவத்தில் அபிப்பிராயம் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற அந்த ஐந்து பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டம் ஐந்து என்று சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174வது பிரிவு, அக்கம்பக்கத்து மரியாதைக்குரியவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அதே சங்கதி 194வது பிரிவாகிவிட்டது. நடைமுறையில் தமிழ்நாட்டில் ஐந்து பேர். 'மரியாதைக்குரியவர்' யார் என்று சட்டம் விளக்கவில்லை. அதை ஊர் விளக்கிக்கொண்டது. அப்பா வைத்திருந்த பழைய நகல்களில் பெயர்களைப் படித்தால் ஒரே தெருவின் வாசல் வரிசைபோல இருக்கும். பிணம் காலனிக்காரருடையதாக இருந்தாலும் அபிப்பிராயம் சொன்ன ஐந்து பேரும் ஊர்த் தெருக்காரர்கள். காலனி ஜனம் கயிறு கட்டினாற்போல் ஐம்பதடி தள்ளி நிற்கும். அவர்களுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்திருக்கும்தானே? அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லாமல் இல்லை. கேட்க ஆள் இல்லை.

ஊர்க் கதைக்கு அடுத்த வடிவம் சந்தையில் கிடைத்தது. நான் பையனாக இருந்தபோது வீரகனூர் சந்தையில் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு ஜோடி வரும். அவர் டேப் அடிப்பார், அந்தம்மா பாடும். கொலைச்சிந்து. முதலில் பிள்ளையாருக்கு ஒரு காப்பு, அப்புறம் ஜில்லா, தாலுகா, ஊர், செத்தவரின் குலம், குணம், கல்யாணம் என்று மெதுவாக நகரும். வெட்டு விழப்போகிற இடத்தில் டேப் சட்டென்று நின்றுவிடும். "மீதி புஸ்தகத்துல இருக்குதுங்க சாமி" என்று அந்தம்மா கட்டைப் பிரிக்கும். எட்டுப் பக்கம், பழுப்புத் தாள், அட்டையில் கத்தி ஓங்கிய ஒருவன். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு புத்தகங்கள் இருந்தன. வேறு வேறு ஜில்லா, வேறு வேறு கொலை. கத்தி ஓங்கியவன் மட்டும் அதே ஆள், அதே மீசை. அச்சாபீஸில் ஒரே பிளாக்கை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். எனக்குப் பத்து வயதுவரை அவன் ஒருவனே ஊர் ஊராகப் போய் வெட்டிக்கொண்டிருந்தான்.

இந்த மாதிரி மலிவுப் பிரசுரங்களுக்குச் சென்னையில் குஜிலிக் கடை பேர்போனது. அதனால் குஜிலி இலக்கியம் என்றே பெயர். சிறுமணவூர் முனிசாமி முதலியார் போன்றவர்கள் இதில் பெயர் எடுத்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் 'முச்சந்தி இலக்கியம்' என்று புத்தகமே எழுதி, படித்தவர்கள் குப்பையென ஒதுக்கியதை ஆராய்ச்சிக்குள் கொண்டுவந்தார். இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் போல்ஸ்டெட் என்றொரு விவசாயக் கிராமம். 1827இல் மரியா மார்ட்டன் என்ற பெண்ணைக் கொன்று சிவப்புக் களஞ்சியம் என்று அழைக்கப்பட்ட தானியக் கொட்டகையில் புதைத்துவிட்டான் வில்லியம் கார்டர். மரியாவின் சிற்றன்னை கனவில் இடத்தைக் கண்டு சொன்னாள் என்று ஊர் பேசியது. மறு வருடம் ஆகஸ்டில் அவனைத் தூக்கில் போட்டார்கள். லண்டனில் ஜேம்ஸ் கேட்னக் அச்சிட்ட பாட்டுத் தாள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்தக் கொட்டகையின் பலகைகளை ஞாபகார்த்தமாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வீரகனூர் சந்தை ஜோடி அங்கே போயிருந்தால் நன்றாகப் பிழைத்திருக்கும்.

சிந்தில் ஒரு தாமதம் இருந்தது. ஒருவர் எழுத வேண்டும், அச்சுக் கோக்க வேண்டும், கட்டு ரயிலேறி வர வேண்டும். அதற்குள் ஆள் பிடிபட்டிருப்பான், சில சமயம் தீர்ப்பே வந்திருக்கும். அட்டையில் எழுதியவர் பெயரும் அச்சாபீஸ் பெயரும் இருக்கும். 1942இல் ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' அந்தத் தாமதத்தை ஒரு நாளாகச் சுருக்கியது. டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் கேட்டார்கள். சந்தை ஜோடி எப்போது வராமல் போனது என்று எனக்கு நினைவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

வி.ஏ.ஓ.வுக்குக் கொலையில் இன்னொரு பங்கும் உண்டு. தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி: குற்றவாளி தானாகவே வி.ஏ.ஓ. ஆபீசுக்கு வந்து, "ஐயா, நான்தான் செஞ்சேன்" என்று சொல்லி வாக்குமூலம் கொடுப்பார். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல், 2024 வரை இருந்த பழைய சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவின்படி செல்லாது. ஆகவே ஏனோ எல்லாருக்கும் வி.ஏ.ஓ. மேல் திடீர் நம்பிக்கை. போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு கிராம மாஜிஸ்திரேட்டுகள் வாக்குமூலம் எழுதவே கூடாது என்று சென்னை குற்றவியல் நடைமுறை விதிகளில் 72வது விதி கண்டிப்பாகத் தடுத்திருந்தது. வி.ஏ.ஓ. கிராம மாஜிஸ்திரேட் அல்ல, அந்த விதி அவரைக் கட்டாது என்று சிவக்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் ஒருமுறை சாட்சிக் கூண்டேறினேன். "இவரை இதற்கு முன் உங்களுக்குத் தெரியுமா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "தெரியாதுங்க." "முன்பின் தெரியாத உங்களிடம் வந்து கொலைக் கதையைச் சொல்ல என்ன அவசியம்?" கோர்ட்டே சிரித்தது. நானும் பதில் தெரியாமல் கொஞ்சம் சிரித்தேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. ஊர் பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் ஒரு மாசி மாதம். அண்ணன் தம்பி இருவருக்கும் பாகம் பிரித்த காடு, நடுவில் பொதுக்கிணறு. ஒரு காலையில் தம்பி கிணற்றில் மிதந்தார். தலையில் காயம். நான் ஆபீசிலிருந்து டீக்கடைக்குப் போனேன். அங்கே எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, நானும் ஒரு வார்த்தை சொன்னேன்: "போன மாசம்தான் வரப்பை அளந்து குடுங்கன்னு தம்பி எங்கிட்ட மனு குடுத்தாரு." அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, மனு என் மேசையில் இருந்தது. சாயங்காலத்துக்குள் அந்த மனுவுக்குக் கையும் காலும் முளைத்தது. அண்ணன் மண்வெட்டியோடு போனதைப் பார்த்தவர்கள் மூன்று பேர் ஆனார்கள். உள்ளுறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பி முடிவு வர மாதக்கணக்கானது. அதற்குள் அந்த வீட்டுப் பெண்கள் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். குச்சிக்கிழங்கு பிடுங்க ஆள் வரவில்லை.

கடைசியில், நீரில் மூழ்கிச் செத்தார், காயம் கிணற்றுப் படிக்கல்லில் பட்டது என்று முடிவாயிற்று. அவருக்கு வலிப்பு உண்டு; அது அவர் பெண்சாதிக்கு முதல் நாளே தெரியும், யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு ராத்திரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோபமாக வந்தாற்போல் தெரியவில்லை. "மனு குடுத்த விஷயத்தை நீங்கதான் சொன்னீங்களாமே மணியாரே" என்றார். ஆமாம் என்றேன். "அந்த மனுவுல எங்கையெழுத்தும் இருந்துச்சே, அதைச் சொல்லலையா?" என்றார். இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் மனு கொடுத்திருந்தார்கள். நான் பாதியைச் சொல்லியிருந்தேன். அடுத்த வருடம் அவர் தன் பாகத்தை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்ச் சேர்ந்தார். பட்டா மாறுதலுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் ஓய்வுபெற்ற மறு வருடம் கோகுல்ராஜ் கொலை. ஓமலூர்க்காரர், தலித் இளைஞர், பொறியியல் படித்தவர். 2015 ஜூன் 23இல் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போனவர், மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை துண்டாகிக் கிடந்தார். தற்கொலை என்று காட்ட ஒரு கடிதமும் இருந்தது. கொலையில் தேடப்பட்ட சாதி அமைப்புத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி அனுப்பினார். அந்தக் குரலை எங்கள் டீக்கடையிலும் கேட்டோம். எனக்கு அது புதிது. குற்றம் சாட்டப்பட்டவரே ஊருக்கு அபிப்பிராயம் எழுதித் தருவதை அப்பா காலத்தில் யாரும் கண்டதில்லை. கேட்டவர்கள் தெருவுக்குத் தக்கபடி தலையாட்டினார்கள். விசாரித்துக்கொண்டிருந்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18இல் இறந்தபோது, பிரேத விசாரணை முடியுமுன்பே அவருக்கும் கதைகள் வந்துவிட்டன. இளம் பெண் அல்லவா, மூன்றாவது காரணமும் அதில் இருந்தது.

கோகுல்ராஜ் வழக்கில் உடன் இருந்த தோழி பிறழ்சாட்சி ஆனார். கோயில் கேமரா பிறழவில்லை. 2022 மார்ச் 8இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. அதற்குள் ஏழெட்டு வருடம் ஓடிவிட்டது. டீக்கடையில் தலையாட்டியவர்களில் இருவர் செத்தே போனார்கள்.

2018இல் கதை முந்திக்கொண்டது, கொலை பின்னால் வந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று போன் போனாகச் செய்தி பரவிய நேரம். மே 9ஆம் தேதி போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயில் தேடிச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி செய்தது. ஐந்து என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் படிவத்திலும் ஐந்து பேர்தான். ஆனால் அதில் தகப்பன் பெயர், வயது, கதவு எண்ணோடு எழுதி ரேகை வைப்போம்.

போன ஐப்பசியில் பக்கத்துக் கிராமத்து மக்காச்சோளக் காட்டில் ஒரு பெண்ணின் பிணம். போலீஸ் ஜீப் போய்ச் சேர்வதற்குள் என் பேத்தியின் போனில் படம் வந்துவிட்டது. கீழே ஒரு பெயர், ஒரு காரணம். காரணம் மூன்றாவதுதான். யார் அனுப்பியது என்று கேட்டேன். "குரூப்ல வந்துச்சு தாத்தா." குரூப்பில் யார்? "தெரியலை தாத்தா, அவங்களுக்கும் வேற எங்கேயோ இருந்து வந்திருக்கு." பல கை மாறி வந்ததற்கு அடையாளமாக அம்புக்குறி இரண்டு போட்டிருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டு உட்காரவைத்தார்கள். "நீங்க எத்தனை கேஸ் பார்த்திருப்பீங்க, உங்க அபிப்பிராயம் என்னங்க மணியாரே?" என்று கேட்டார் ஒருவர். நாலு பேர் என் வாயைப் பார்த்தார்கள். ஒருவர் கையில் போன் நிமிர்ந்து என் பக்கம் திரும்பியிருந்தது. செத்தவளின் அப்பனை எனக்குத் தெரியும், பட்டா மாற்ற இரண்டு தடவை என்னிடம் வந்தவர். அதைக்கூடச் சொல்லவில்லை. டீக்குச் சில்லறை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.