கண்ணி வைத்தவன் கதை: குற்றாலக் குறவஞ்சியில் வேட்டையும் தேடலும்

திருக்குற்றாலக் குறவஞ்சி 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்காசிச் சீமையில் பிறந்த ஆடல் நாடகம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் இதை இயற்றினார். தலைவி காதல் கொள்ளுதல், குறத்தி வந்து குறி சொல்லுதல், குறவன் பறவை பிடிக்கப் போதல், மனைவியைக் காணாமல் தேடுதல், இறுதியில் இருவரும் கூடுதல் என்பது இதன் கதைப்போக்கு. முன்பாதியை இசை மேடையும் நாட்டிய மேடையும் நன்றாகவே போற்றி வந்திருக்கின்றன. பின்பாதியின் வேட்டைக்கும் தேடலுக்கும் அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நாடகம் என்ற அளவில் குறவஞ்சியின் உயிர் இருப்பதோ அந்தப் பின்பாதியில்தான்.

மறைந்து நகர்தல், ஓசையடக்கிக் காத்திருத்தல், குறிப்பறிந்து அடியெடுத்து வைத்தல் ஆகியவை தமிழில் மலைநிலக் கதைகளுக்கு மிகப் பழைய உடைமைகள். சங்க அகப்பாடல்களில் குறிஞ்சித் திணைக்கு உரிய பொழுது கூதிரும் யாமமும். தலைவன் இருட்டில் வருகிறான். வழியில் யானையும் புலியும் காட்டாறும். ஊருக்குள் நுழைந்தால் காவலர் சுற்றி வருகின்றனர், நாய் குரைக்கிறது, நிலவு வெளிச்சம் காட்டிக் கொடுக்கிறது, தாய் உறங்காமல் இருக்கிறாள். இவை அத்தனையையும் கடந்தே அவன் தலைவியைச் சந்திக்கும் இரவுக்குறியிடத்தை அடைய வேண்டும். அந்த இடம் வீட்டாரின் பேச்சு காதில் விழும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது தொல்காப்பிய மரபு. கண்டுபிடிக்கப்படும் ஆபத்து கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தால்தான் கதையில் பதைப்பு நிற்கும் என்பதை அந்த இலக்கணம் அறிந்து வைத்திருந்தது.

இதில் இன்னும் நுட்பமானது அல்லகுறி. தான் வந்ததை அறிவிக்கத் தலைவன் பறவைகளை எழுப்புவான், நீரில் எதையாவது எறிந்து ஓசை உண்டாக்குவான். அதே ஓசை இயல்பாகவும் எழலாம். காற்றில் காய் உதிர்ந்து சுனையில் விழும். வேறு எதற்கோ மிரண்டு பறவை படபடக்கும். தலைவி ஏமாந்து வெளியே வந்து, யாரும் இல்லாமல் திரும்பிப் போவாள். பின்னர் உண்மையாகவே அவன் வந்து குறி செய்யும்போது அவள் வரமாட்டாள். ஒரு சிறு ஓசையைச் சரியாகவோ தவறாகவோ புரிந்துகொள்வதிலேயே கதை திரும்பிவிடுகிறது. குறிஞ்சியின் குறி சொல்லும் பெண்ணும் அந்தப் பாடல்களிலேயே இருக்கிறாள். குறுந்தொகையில் ஔவையார் பாடிய அகவன்மகள் அவளுக்கு முன்னோடி. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை குறம் போன்ற நூல்களில் குறத்தி தனித்து நின்று பேசுகிறாள். அவளுக்குக் கணவனும் அவனுக்கு ஓர் உதவியாளும் சேர்ந்து, நாடகமாக வளர்ந்ததே குறவஞ்சி.

திரிகூடராசப்பக் கவிராயர் இந்த வடிவத்தைக் கையிலெடுத்தபோது அவருக்கு வாய்த்த களம் அபூர்வமானது. மூன்று சிகரங்களால் திரிகூடமலை எனப் பெயர்பெற்ற மலை, அதிலிருந்து இறங்கும் சிற்றாறு, ஆனி தொடங்கிச் சாரலடிக்கும் பருவம், அடிவாரத்தில் சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயில், தலமரமான குறும்பலா, நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை ஆகிய அனைத்தும் அவர் வீட்டுக்கு அருகிலேயே இருந்தன. குற்றாலத்துக்குத் தலபுராணமும் மாலையும் சிலேடையும் யமக அந்தாதியும் அவர் பாடியிருக்கிறார். ஆயினும் நிலைத்த புகழ் குறவஞ்சிக்கே கிடைத்தது. மதுரையை 1706 முதல் 1732 வரை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்காக அவருக்கு நன்செய் நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது.

நாடகம் கட்டியக்காரன் வரவுடன் தொடங்குகிறது. குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தடித்து விளையாடும் வசந்தவல்லி அவரைக் கண்டு மயங்குகிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். அந்த வேளையில் கையில் கோலும் இடுப்பில் கூடையுமாகக் குறத்தி சிங்கி வந்து மலைவளம் பாடி, கைபார்த்துக் குறி சொல்லி, அணிகலன்களைப் பரிசாகப் பெற்றுச் செல்கிறாள். விருத்தங்கள் கதையை நகர்த்த, சிந்து, கண்ணி என்னும் பாட்டு வகைகள் ஆட்டத்துக்கு இடம் தருகின்றன. பந்தடிக்கும் பகுதியின் துள்ளல் நடை தமிழில் மிகப் பெயர்பெற்றது.

சிங்கி மேடையை விட்டுப் போனதும் அவள் கணவன் சிங்கன் வருகிறான். கதையின் நிறமே அங்கே மாறிவிடுகிறது. கோயில் வீதியிலிருந்து காட்சி வயல்வெளிக்கு இறங்குகிறது. சிங்கனுக்குத் துணை நூவன். பறவை வருவதைப் பார்த்துச் சொல்வது சிங்கன் வேலை. கண்ணி கொண்டுவந்து குத்துவது நூவன் வேலை. பறவைகள் வருவதற்கு ஒரு பாட்டு, மேய்வதற்கு ஒரு பாட்டு, தப்பிப் போவதற்கு ஒரு பாட்டு என மூன்று கட்டமாகக் கவிராயர் இதை அமைத்திருக்கிறார். ஆயிரப்பேரியையும் தென்காசியையும் சுற்றி வரும் பறவைகள் அயிரை, தேளி, ஆரால் என்று மீன்களைக் கொத்தித் தின்கின்றன. ஊர்ப்பெயரும் மீன்பெயரும் பறவைப்பெயரும் வரிசையாக வருவதை வெறும் பட்டியல் என்று தள்ளிவிட முடியாது. வேட்டைக்காரனின் கண் அப்படித்தான் வேலை செய்யும். எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது, எங்கே மீன் துள்ளுகிறது, எந்தப் பறவை எந்தப் பக்கம் இறங்கும் என்று கணக்கிட்ட பிறகே கண்ணி தரையைத் தொடும். சிற்றாற்றின் கால்களும் குளங்களும் கார், பிசானம் என இரு போகத்துக்கு நீர் கொடுத்த மண் இது. அந்த மண்ணின் நீர்வரைபடத்தை ஒரு குறவனின் வாய்வழியே கவிராயர் தீட்டியிருக்கிறார்.

கண்ணி வேட்டையின் தன்மையும் நாடகத்துக்குத் துணை செய்கிறது. வில்லும் வேலும் ஓடித் துரத்துகிறவனின் கருவிகள். கண்ணியோ அசையாமல் இருப்பவனின் கருவி. நாரால் அல்லது மயிரால் சுருக்கு முடிந்து, பறவை கால்வைக்கும் இடத்தில் நட்டு, ஒதுங்கி நின்று, மூச்சடக்கிக் காத்திருக்க வேண்டும். ஓர் இருமல் போதும், கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். ஆகவே பொறு பொறு என்று நூவனை அடக்கும் பாட்டு இந்தப் பகுதிக்கு அச்சாணி. பார்வையாளர் கூடத் தங்களை அறியாமல் அசையாமல் அமர்ந்துவிடும் இடம் அது.

அந்த அமைதியைக் குலைப்பது வெளியிலிருந்து வரும் ஓசை அல்ல. சிங்கனின் மனமே குலைக்கிறது. கண்ணியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவன் சிங்கியை நினைக்கிறான். கவனம் சிதறுகிறது, பறவைகள் போய்விடுகின்றன. நூவனுக்கு எரிச்சல். முன்பாதியில் வசந்தவல்லியைப் பிடித்த அதே காதல் நோய் பின்பாதியில் சிங்கனையும் பிடிக்கிறது. ஆனால் அவளுக்கு அது பாட்டும் புலம்பலுமாக முடிகிறது, இவனுக்கோ அன்றைய பிழைப்பே கைநழுவிப் போகிறது. உயர்ந்த மாடத்துப் பெண்ணின் விரகத்தைப் பாட எத்தனையோ புலவர்கள் இருந்தார்கள். வேட்டை தவறிய ஒருவனின் விரகத்தை அதன் விலையோடு சேர்த்துக் காட்டியது கவிராயரின் பெரும் சாதனை.

பறவை தேடி வந்தவன் இப்போது மனைவியைத் தேடுகிறான். கடைசியில் குற்றாலத்திலேயே அவளைக் காண்கிறான். ஆனால் அவள் உடலில் அவன் அறியாத பொருள்கள் இருக்கின்றன. காலில் நெளிவதும் சுற்றிக் கிடப்பதும் புழுவா பாம்பா என்று அவன் மிரள்கிறான். ஒவ்வொன்றாகக் கேட்கிறான், இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்றது இது என்று அவள் ஒவ்வொன்றாக விடை சொல்கிறாள். சிலம்பு சேலத்து நாட்டில் கிடைத்தது என்கிறாள். சிரிப்பை மூட்டும் உரையாடல் என்றே இது பெரும்பாலும் அறியப்படுகிறது. சிரிப்புக்கு அடியில் ஒரு பெண் தனியாக நாடு நாடாக நடந்து, பேச்சுத் திறமையால் பொருள் ஈட்டித் திரும்பிய பயணக் கதை இருக்கிறது. சிங்கன் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அந்தப் பயணத்தின் ஒரு கட்டத்தைத் திறக்கிறது. மேடையில் காட்டாமல் விட்ட பயணத்தை அணிகலன்களின் வழியே சொல்லிமுடிக்கும் உத்தி மிகத் தேர்ந்த கதைஞனுடையது.

குற்றாலத்துக்குப் பின் வந்த குறவஞ்சிகளோடு ஒப்பிட்டால் இதன் உயரம் தெளிவாகும். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகரின் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி, 1798 முதல் 1832 வரை ஆண்ட தஞ்சை இரண்டாம் சரபோஜியைத் தலைவனாகக் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருவிழாவின்போது ஆடப்பட்ட சிறப்பு அதற்கு உண்டு. அதில் இசை செழிப்பு, நிலம் மங்கல். கவிகுஞ்சர பாரதியின் அழகர் குறவஞ்சி பாடுவதற்கு இனியது. துணிச்சலில் குற்றாலத்துக்கு அருகில் வருவது வேதநாயக சாஸ்திரியாரின் பெத்தலகேம் குறவஞ்சி. குறி சொல்லலும் வேட்டையும் அதில் கிறித்தவ உருவகங்களாகின்றன. சிங்கன் ஞானகுரு, நூவன் உபதேசியார், பிடிபடும் உயிர்கள் மனித ஆன்மாக்கள். வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை முழுவதும் மாற்றிய அந்த முயற்சி மதிக்கத்தக்கது. ஆனாலும் உருவகம் ஏறியதும் வயலின் சேறு மறைந்துவிடுகிறது. பறவை பறவையாகவே இருந்து தப்பிப்போகும் சுவை குற்றாலத்தில் மட்டுமே கிட்டுகிறது.

நாடகத்தில் சிங்கியும் சிங்கனும் விருப்பம்போல் ஊர் ஊராகத் திரிந்தார்கள். நிஜ வாழ்வில் அந்த நடமாட்டமே குற்றமாக்கப்பட்டது. 1871-இல் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் அதன் கீழ் கைரேகைக்கும் காவல்நிலைய வருகைக்கும் ஆளாயின. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. மேடையில் குறத்தி வேடத்துக்குக் கைதட்டிய அதே காலத்தில், குறி சொல்லியும் கூடை விற்றும் வாழ்ந்தவர்கள் ஊர் எல்லையில் மறிக்கப்பட்டார்கள். குறவஞ்சியின் வரலாற்றை எழுதுவோர் இதை விட்டுவிடக் கூடாது. பறவை பிடிக்கும் தொழிலும் பின்னாளில் முடிவுக்கு வந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டுப் பறவைக்குக் கண்ணி வைப்பது தண்டனைக்குரியது. சிங்கனின் தொழில்நுணுக்கம் முழுமையாகப் பதிவான இடங்களில் கவிராயரின் நூலும் ஒன்றாகிவிட்டது.

20-ஆம் நூற்றாண்டில் நூலுக்கு மறுவாழ்வு இரு திசைகளிலிருந்து வந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் பிற்காலத்தில் குற்றாலத்தையே இருப்பிடமாக்கிக் கொண்டார். ராஜாஜியும் கல்கியும் வந்து கூடிய அந்த வீட்டில் தமிழ்க் கவிதையை வாய்விட்டுச் சொல்லிச் சுவைக்கும் பழக்கம் வளர்ந்தது. சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகமாக 1944-இல் குற்றாலக் குறவஞ்சியைத் தேர்ந்தார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். நாட்டிய நாடகம் என்ற வகைக்கே தமிழ்நாட்டில் அது வழிகாட்டியாயிற்று. அதன் தொடர்ச்சியாகப் பந்தடியும் மலைவளமும் சிங்கன் சிங்கி உரையாடலும் தனித்தனி உருப்படிகளாகப் பரவின. அவற்றுக்கு நடுவில் உள்ள வேட்டை, தனியாக எடுத்து ஆட வசதியில்லாததால் பின்தங்கியது.

இன்றைய இளைஞர்களுக்கு இந்த வேட்டைப் பகுதி அந்நியமாக இருக்கத் தேவையில்லை. ஒளிந்தும் ஓசையடக்கியும் நகர்வதையே ஆட்டமாக்கிய வீடியோ கேம்கள் அவர்களுக்குப் பழக்கமானவை. 1987-இல் ஜப்பானின் கோனாமி நிறுவனத்துக்காக ஹிடியோ கொஜிமா உருவாக்கிய மெட்டல் கியர் அந்த வகைக்கு வழிவகுத்தது. 1998-இல் வந்த தீஃப், நடக்கும் தரையின் ஓசையையும் நிழலின் அடர்த்தியையும் ஆட்டத்தின் விதியாக்கியது. சண்டையிடாமல் தவிர்ப்பதே அவற்றில் திறமை, பொறுமையிழந்தவன் தோற்பான். அல்லகுறியும் கண்ணி வேட்டையும் இதே பொறிமுறையில்தான் இயங்குகின்றன. இந்திய மண்ணின் கதைகளும் இத்துறைக்குள் வரத் தொடங்கிவிட்டன. புனேயில் உருவான ராஜி 2020-இல் வெளிவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றைச் சமையல் வழியே சொல்லும் வெண்பா 2023-இல் வந்து, அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. தமிழ் வீட்டின் அடுக்களை ஒரு கதையாட்டத்துக்குப் போதுமான களம் என்பதை அது மெய்ப்பித்தது. ஆயிரப்பேரி வயலும் அதற்குக் குறைந்ததல்ல: பறவைக்குப் பறவை மாறும் கண்ணி, நம்பத்தகாத மனம் படைத்த நாயகன், எரிச்சலுள்ள துணைவன், காணாமற்போன மனைவி, அவளது அணிகலன்களில் மறைந்திருக்கும் பயணம் என்று எல்லாமே அங்கு ஆயத்தமாக இருக்கின்றன.

அப்படி ஓர் ஆட்டம் உருவாவதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குற்றாலத்தில் சாரல் பருவத்தில் அரசு நடத்தும் சாரல் விழாவில் ஆண்டுதோறும் கலைநிகழ்ச்சிகள் அரங்கேறுகின்றன. துண்டு துண்டான உருப்படிகளை விட்டு, சிங்கன் வரவு முதல் சிங்கியைக் காண்பது வரையிலான பகுதியை ஓர் இரவு முழுமையாக அங்கே ஆடவேண்டும். குறவர் சமூகத்துக் கலைஞர்களுக்கு அதில் முதலிடம் தரவேண்டும்.