வீட்டு ஹார்ட் டிஸ்க், வெளியூர் மொபைல்: நடுவுல நிக்கிறது யாரு?

இந்த எபிசோட் ஒரு கல்யாண கேசட்ல ஆரம்பிக்குது.

எங்க வீடு சோமனூர்ல. அப்பா அம்மா கல்யாணத்தை விஎச்எஸ்ல எடுத்திருந்தாங்க. கேசட்ல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சதும் அதை டிஜிட்டலா மாத்தி, வீட்டுல இருந்த பழைய டெஸ்க்டாப்ல போட்டு வச்சேன். எங்க அப்பாரு நடமாடுற ஒரே வீடியோ அதுதான். அவர் தவறி ரெண்டு மாசம் கழிச்சு, பெங்களூர்ல பிஜி ரூம்ல உக்காந்திருந்தப்போ ஒரு ராத்திரி அதைப் பாக்கணும்னு தோணுச்சு. ஊர்ல கம்ப்யூட்டர் ஓடுது. நெட் இருக்கு. ஜெல்லிஃபின் சர்வரும் போட்டிருக்கேன். அப்பாவுக்கு ஃபோன் பண்ணா, "இங்க டிவில நல்லாத்தான் ஓடுது சாமி"ங்கிறார். எனக்கு மட்டும் வரல.

நம்ம பொருளை நாமளே வெளியூர்ல இருந்து எடுத்துப் பாக்க ஏன் இவ்வளவு பாடு?

இந்த ஆசையை ஒரு பெட்டியில அடைச்சு கடைக்குக் கொண்டு வந்தவங்க கலிஃபோர்னியாவுல ரெண்டு அண்ணன் தம்பிங்க. பிளேக் கிரிகோரியன், ஜேசன் கிரிகோரியன். 2002-ல ஊர் ஊரா அலையுற வேலையில, அவங்க டீமான சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஆடுற பேஸ்பால் மேட்சைப் பாக்க முடியல. வீட்டுல கேபிளுக்குக் காசு கட்டியாச்சு, டிவியும் இருக்கு, ஆனா ஆள் வேற ஊர்ல. பூபேன் ஷாங்கிற இந்திய வம்சாவளி இஞ்சினியரோட சேர்ந்து ஸ்லிங் மீடியா ஆரம்பிச்சு, 2005-ல ஸ்லிங்பாக்ஸை வித்தாங்க. செட்டாப் பாக்ஸ் பக்கத்துல அதை மாட்டிட்டா, வீட்டு டிவில வர்றதைச் சுருக்கி இன்டர்நெட் வழியா லேப்டாப்புக்கு அனுப்பும். விசிஆர் வந்தப்போ நிகழ்ச்சியோட நேரத்தை மாத்த முடிஞ்சது. அது தப்பில்லைன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1984-ல சொல்லிருச்சு. இவங்க மாத்தினது இடத்தை.

அதே 2005-ல நம்ம பக்கம் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்துச்சு. 256 கேபிபிஎஸ் இருந்தாலே அரசாங்கக் கணக்குல அது பிராட்பேண்ட். 700 எம்பி படம் ஒண்ணை அந்த வேகத்துல இறக்க ஆறு மணி நேரம் ஆகும். ஸ்லிங்பாக்ஸ் மாதிரி வீட்டுல இருந்து வெளிய அனுப்பணும்னா அப்லோட் வேகம் வேணும், அது இன்னும் கம்மி. அதனால நமக்கு அப்போ பென் டிரைவ்தான் ஸ்ட்ரீமிங்.

இப்போ வேகம் இருக்கு. ஆனாலும் எனக்கு ஏன் வரல? காரணம் 1981-ல இருக்கு. அந்த வருஷம் எழுதின ஐபிவி4 விதிப்படி மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி. உலகத்துக்கே அது போதும்னு நினைச்சாங்க. போதாதுன்னு தெரிஞ்சதும் 1994-ல நேட்னு ஒரு ஒட்டு வேலை வந்தது.

திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவங்களுக்கு லைன் வீடு தெரியும். பத்து வீட்டுக்கும் ஒரே கதவு எண்ணுன்னு வைங்க. உள்ள இருந்து யார் கடுதாசி போட்டாலும் வாசல்ல வீட்டுக்காரர் குறிச்சு வச்சுக்குவார். பதில் வந்தா சரியான வீட்டுல குடுத்துருவார். ஆனா வெளியூர்ல இருந்து புதுசா ஒரு கடுதாசி வந்தா? எந்த வீட்டுக்குன்னு அவருக்குத் தெரியாது, கிழிச்சுப் போட்டுருவார். நேட் அதுதான். உங்க ரவுட்டர்ல நீங்களே வீட்டுக்காரர்ங்கிறதால, 'இந்த மாதிரி கடுதாசி மூணாம் வீட்டுக்கு'ன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதுக்குப் பேர் போர்ட் ஃபார்வர்டிங்.

2011 பிப்ரவரி 3-ஆம் தேதி உலகப் பொதுக் கையிருப்புல கடைசி முகவரித் தொகுப்புகளையும் பங்கு போட்டாங்க. ஏப்ரல்ல ஆசியாவோட பங்கும் ரேஷனுக்கு வந்துருச்சு. நம்ம நாட்டுல கோடிக்கணக்கான பேர் நெட்டுக்குள்ள வந்தது அதுக்கு அப்புறம்தான். பந்தி முடிஞ்சு போனவங்க நாம. அதனால கம்பெனிகள் தெருவையே ஒரு லைன் வீடா மாத்தினாங்க. இதுதான் சிஜிநேட். இங்க வாசல்ல நிக்கிறவர் கம்பெனி ஆளு, அவர்கிட்ட நாம எதையும் சொல்லி வைக்க முடியாது. உங்க ரவுட்டர்ல வேன் ஐபி 100.64-ல இருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, நீங்களும் இந்தத் தெருதான். நானும் இதே தெருதான்.

கடுதாசி உள்ள வராதுன்னா, நடுவுல ஒருத்தர் வாங்கிக் குடுக்கணும். அந்த வேலையை அழகா செஞ்சது பிளெக்ஸ். பழைய எக்ஸ்பாக்ஸ்ல படம் பாக்க ஆர்வலர்கள் எழுதின எக்ஸ்பிஎம்சில இருந்து 2008-ல பிரிஞ்சு வந்த மென்பொருள் அது. அக்கவுன்ட் போட்டா போதும். நேரடி வழி இல்லாட்டி அவங்க ரிலே சர்வர் வழியா படம் வந்துரும்.

நடுவுல நிக்கிறவர் நகர்ந்துட்டா என்ன ஆகும்? 2022 நவம்பர் 9-ஆம் தேதி ஸ்லிங்பாக்ஸ் சர்வர்களை நிறுத்தினாங்க. காசு குடுத்து வாங்கின பெட்டி அன்னிக்கு ராத்திரியே வெறும் டப்பா ஆச்சு. 2025 ஏப்ரல் 29-ல இருந்து பிளெக்ஸ்லயும், உங்க சொந்த வீடியோவை வெளியூர்ல இருந்து பாக்க யாராவது ஒருத்தர் சந்தா கட்டணும். பிளெக்ஸ் மேல எனக்கு முழுக் கோவம் இல்லைங்க, சர்வர் நடத்துற செலவு அவங்களுது. ஆனா நேரடி வழி சரியா போட்டு வச்சிருந்தவங்களுக்கும் அதே சந்தாங்கிறதுதான் உறுத்துது.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது பழகின கதை. விசைத்தறி தறிக்காரரோடது. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் குடுப்பார், நெஞ்சு குடுத்தா மீட்டருக்குக் கூலி. 2021 நவம்பர்ல சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம் கூலி உயர்வுன்னு பேசி முடிச்சாங்க. கைக்கு வரல. 2022 ஜனவரியில தறியை நிறுத்திட்டாங்க. தறிச் சத்தம் இல்லாத சோமனூர்ல எங்களுக்குத் தூக்கம் வராது. மெஷின் நம்ம வீட்டுல இருந்தாலும் வழி இன்னொருத்தர் கையிலன்னா என்னன்னு நான் கத்துக்கிட்டது அங்கதான், கம்ப்யூட்டர்ல இல்ல.

இதே மாதிரி ஒரு கோவத்துல பிறந்ததுதான் ஜெல்லிஃபின். எம்பிங்கிற மீடியா சர்வர் 2018-ல தன் மூல நிரலை மூடினப்போ, தன்னார்வலர்கள் பழைய திறந்த நிரலை எடுத்து டிசம்பர்ல தனியா கிளம்பினாங்க. நடுவுல கம்பெனி சர்வரே கிடையாது. அதனாலேயே வழியை நாமளே கண்டுபிடிக்கணும்.

எனக்கு வழி எங்க இருந்துச்சு தெரியுமா? ஐபிவி6-ல. அதுல முகவரிக்குப் பஞ்சமே இல்ல. 2016 செப்டம்பர்ல ஜியோ வந்தப்போ மொபைல்ல ஐபிவி6-ஐ ஆரம்பத்துல இருந்தே குடுத்தாங்க. பின்னாடி வந்ததுல நமக்குக் கிடைச்ச ஒரே லாபம். ஒரு வார லீவுல ஊருக்குப் போய்ப் பாத்தா, எங்க வீட்டு லைன்லயும் அது இருந்திருக்கு. ரவுட்டர்ல அணைச்சு வச்சிருந்தாங்க. ஆன் பண்ணி, ஃபயர்வால்ல ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தேன். (பாஸ்வேர்ட் நல்லா வைங்க. உங்க பேரும் 123-ம் வேண்டாம்.)

பிஜி வைஃபைல ஐபிவி6 இல்ல, அதனால மொபைல் டேட்டாவுல போட்டேன். வந்துச்சு. 47-ஆவது நிமிஷத்துல அப்பாரு பந்தி வாசல்ல நின்னு யாரையோ பாத்துக் கைய ஆட்டி என்னமோ சொல்றார். கேசட்லயே அந்த இடத்துல ஆடியோ போயிருச்சு. அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஊர்ல டிவில அதே இடத்தைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இலை போட்டாச்சு, வாங்கங்கிறாருடா"ன்னார்.