சுமை இறங்கிய வழிகள்: தமிழ்நாட்டு மலைக்காட்டுப் பாதைகளும் மலைச் சைக்கிள் தடங்களும்

பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் ஒன்றான சுண்ணாம்புக்குளம் மேடு பள்ளம் அதிகம் இல்லாத தாழ்நிலம். மலைச் சைக்கிள் தடங்களைப் பற்றிய ஆய்வை அங்கிருந்து தொடங்குவது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆனால் காட்டுக்குள் பாதை எதற்காகப் போடப்பட்டது என்ற கேள்விக்கு இந்த ஏரியைச் சுற்றியே தெளிவான விடை கிடைக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவைச் சென்னை அரசு 1835-இல் தன் கைக்குக் கொண்டுவந்தது. நகரத்து அடுப்புகளுக்கு விறகு வேண்டியிருந்ததே காரணம். அந்தக் காட்டில் அதற்கு முன்பிருந்தே யானாதிகள் தேனும் கிழங்கும் மூலிகையும் சேகரித்து வாழ்ந்துவந்தனர். அவர்களுடைய ஒற்றையடித் தடங்கள் இருந்த இடத்துக்கு விறகு வெட்டும் ஏற்பாடு வந்து சேர்ந்தது. 1806-இல் வெட்டத் தொடங்கி, 1878-இல் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்ற நீர்வழி, ஏரிக்கரைச் சரக்கைச் சென்னைக்குக் கொண்டுபோனது. விறகும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் படகேறின.

இதே முறையை மலைகளிலும் காணலாம். முதலில் அங்கேயே வாழ்ந்தவர்களின் கால்தடம், அடுத்து சுமைக்காக வெட்டிய வழி, பிறகு அந்தச் சுமை வேறு வழியில் போகத் தொடங்கியதும் கைவிடப்பட்ட பாதை. இன்று மலைச் சைக்கிள் ஓட்டுபவர்கள் தேடுவது பெரும்பாலும் இந்த மூன்றாம் நிலைப் பாதையைத்தான். இதை மறந்துவிட்டுத் தடம் அமைப்பது பற்றிப் பேசினால், யாருடைய உழைப்பின் மேல் சக்கரம் உருள்கிறது என்பதும் மறந்துபோகும்.

குதிரைப் பாதையும் மரம் இறங்கிய சரிவும்

நீலகிரியில் ஜான் சல்லிவனின் முயற்சியால், 1821 முதல் 1823 வரை லெப்டினன்ட் மெக்ஃபர்சன் மேற்பார்வையில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டப்பட்டது. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோர் நடந்து பழகிய மலை அது. சமவெளிக்கும் மேல்மலைக்கும் இடையே அவர்களுக்குள் பண்டமாற்று ஏற்கெனவே நடந்துவந்தது. வெள்ளை அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது குதிரையும் பல்லக்கும் மூட்டை சுமந்த மாடும் ஏறக்கூடிய சரிவு. 1830-களின் தொடக்கத்தில் குன்னூர் மலைவழி திறந்தது. சிறுமுகைப் பாதை முதன்மை இழந்தது. அதே காலத்தில் மலபார் பக்கம் இறங்கும் சிஸ்பாரா வழியும் வெட்டப்பட்டது. கோழிக்கோட்டுக் கரைக்குக் குறுக்குவழியாக இருந்த அதில் ஒரு காலத்தில் தபால்காரர்களும் பயணிகளும் போய்வந்தனர். பிறகு போக்குவரத்து நின்றது, காடு மூடிக்கொண்டது. 1899-இல் ரயில் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் ஏறியபோது, குதிரைக்காக வெட்டிய வழிகளின் தேவை இன்னும் சுருங்கியது.

ஆனைமலையில் சுமை என்றால் தேக்கு. 1840-களின் இறுதியில் அங்கே அரசின் மரம் வெட்டும் வேலை தொடங்கியது. 1856-இல் சென்னை மாகாணத்துக்குத் தனி வனத்துறை உருவாகி, ஹியூ கிளெக்ஹார்ன் அதன் தலைவரானார். இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதும் அதே ஆண்டுதான். தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சின் விறகுக்கும் காடு எவ்வளவு வேகமாக அழிகிறது என்று கவலைப்பட்டவர் கிளெக்ஹார்ன். இன்று டாப்ஸ்லிப் என்று சுற்றுலாப் பயணிகள் அறியும் இடத்தின் மேட்டிலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டி விட்டார்கள். யானைகள் மரம் இழுத்தன. வெட்டும் பரப்பைக் கூப்பு என்று பிரித்து, ஒவ்வொரு கூப்புக்கும் வண்டிப் பாதை போட்டார்கள். வெட்டு நின்ற பிறகும் கூப்பு ரோடு என்ற பேச்சு மலையோர ஊர்களில் நிற்கிறது.

இரண்டு வகைப் பாதைக்கும் உள்ள வேறுபாடு சைக்கிளுக்கு முக்கியமானது. குதிரைப் பாதை மலையை அணைத்தபடி வளைந்து வளைந்து ஏறும். மரம் இறக்கிய சரிவு நேர்க்குத்தாக விழும். முதலாவதில் சக்கரம் பிடிக்கும். இரண்டாவதில் பிரேக்கைப் பூட்டிச் சறுக்கத்தான் முடியும். சறுக்கிய கோடு அடுத்த மழைக்கு வாய்க்காலாகும்.

குரங்கணி

இந்த வரலாறு முழுவதையும் ஒரே மலைச்சரிவில் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக் குரங்கணிக்குப் போக வேண்டும். மூணாறுத் தோட்டங்களின் தேயிலை வெளியே போக வழியில்லாமல் இருந்த காலம். 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓடியது. 1908-இல் அது சிறு ரயில்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து போடிநாயக்கனூர், பிறகு மதுரை, தூத்துக்குடி என்று போயின. சரிவின் நடுவே இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற குடியிருப்பின் பெயரில் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. கம்பிவடத்தைக் கண்காணிக்கவும் பழுது பார்க்கவும் மலையில் ஆள் ஏறி இறங்க வேண்டும். வேலைக்குப் போன தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இதே சரிவில் நடந்தே ஏறின. தலையில் பாத்திரப் பண்டமும் இடுப்பில் பிள்ளையுமாகப் போனவர்களின் காலடிதான் அந்தப் பாதையை மண்ணில் பதித்தது.

1924-ஆம் ஆண்டு வெள்ளம் சிறு ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. அது மறுபடி கட்டப்படவில்லை. சாலைகள் வளர்ந்து, சரக்கு லாரிக்கு மாறியது. கம்பிவடமும் காலப்போக்கில் ஓய்ந்தது. சரிவில் நடப்பவர் குறைந்தனர். பல பத்தாண்டுகள் கழித்து, நகரத்து மலையேற்றக் குழுக்கள் குரங்கணி, டாப் ஸ்டேஷன், கொழுக்குமலை என்று இந்தத் தடங்களைத் தேடி வந்தன.

2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம் பெண்கள். தீயைப் பற்றி அறிந்தவர்களுக்கு அந்தச் சரிவு எவ்வளவு ஆபத்தானது என்பது புரியும். மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து ஆளுயரம் நிற்கும். தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. ஆட்கள் நாள்தோறும் நடக்கும் வழியில் புல் மிதிபட்டுத் தாழ்ந்திருக்கும். எந்தத் திருப்பத்தில் திரும்பினால் பாறைவெளி வரும் என்பது நடப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாதையின் பயன் நின்றால் இந்த இரண்டும் மறைகின்றன. கைவிடப்பட்ட வழியில் போவது புதுக்காட்டில் போவதைவிடவும் இடர் மிகுந்ததாக ஆகலாம். ஏனென்றால் பாதை இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மீந்திருக்கும்.

சக்கரம் வந்த வழி

மலைச் சைக்கிள் பிறந்த இடமும் ஒரு தீப்பாதைதான். கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் தமல்பாயிஸ் மலையைச் சுற்றி, காட்டுத்தீயை அணைக்க வண்டி போவதற்காக வெட்டிய மண்சாலைகள் உண்டு. 1970-களில் இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை அங்கே தள்ளிக்கொண்டு ஏறி, உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று நடந்த ரீபேக் பந்தயம் இதன் தொடக்கப் புள்ளியாகச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு இறக்கத்திலும் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் சூட்டில் உருகிப் புகையும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே சட்டகம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் 1979-இல் டாம் ரிச்சியின் சட்டகங்களை வைத்து விற்பனை தொடங்கினர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது போட்டியாக நுழைந்தது. அதற்கு முன்பே மரினில் நடப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் தகராறு வந்து, குறுகிய பாதைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் சைக்கிள் வேறு வகையில் வேரூன்றியது. அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த ஹெர்குலிஸ் வண்டியில் பால்கேனும் மீன்கூடையும் வைக்கோல் கட்டும் ஏறின. மலைச் சைக்கிளைக் குறிக்கும் எம்.டி.பி. என்ற மூன்றெழுத்து பள்ளிப் பிள்ளைகளின் வாயில் புழங்கியபோதும் அந்த வண்டிகள் ஓடியது பெரும்பாலும் தார்ச்சாலையில். மலையில் ஓட்டுவது ஒரு நாட்டமாக வளர்ந்தது 2000-க்குப் பிறகு. இமாசலத்தில் 2005-இல் எம்.டி.பி. ஹிமாலயா பந்தயம் தொடங்கியது. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் பயணம் மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிள்காரர்களின் கனவாக்கியது. அதுவும் சாலைப் பயணமே.

கேரளம் முந்திக்கொண்டது. ஆதிவாசி மக்களின் மறுவாழ்வுக்காக அமைந்த வயநாட்டு பிரியதர்ஷினி தேயிலைத் தோட்டத்தில் எம்.டி.பி. கேரளா போட்டிகள் நடந்தன. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி திருவனந்தபுரம் மாவட்டத்துப் பொன்முடியில் நடந்தது. இரண்டிலும் இடத் தேர்வு கவனிக்கத்தக்கது. காப்புக்காட்டுக்குள் தடம் வெட்டாமல், தேயிலைத் தோட்டங்களின் மண்பாதைகளையும் அவற்றை ஒட்டிய சரிவுகளையும் பயன்படுத்தினார்கள். கொழுந்து மூட்டை சுமப்பதற்காகப் போட்ட பாதைக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. கோத்தகிரி, குன்னூர், வால்பாறை போன்ற இடங்களுக்கு இந்த வழி பொருந்தும் என்பது என் துணிபு.

அனுமதியின் வரலாறு

1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டைக் காப்புக்காடாக அறிவிக்கும் முறையை வகுத்தது. அறிவிப்புக்கு முன் வழி உரிமை, மேய்ச்சல் உரிமை முதலியவற்றைக் கோர இடம் இருந்தது. கோரத் தெரிந்தவர் கோரினர். எழுத்தறியாத மலைமக்களின் தடங்கள் பலவும் பதிவேட்டில் ஏறவில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயங்களுக்குள் நுழைவதையே அனுமதிக்கு உட்படுத்தியது. 2006-இன் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்பவரின் உரிமையை முதன்முறையாகச் சட்டப்படி மீட்டது. குரங்கணிக்குப் பின், 2018-இல் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள்; தீக்காலத்தில் வழிகள் மூடப்படுகின்றன.

அந்த நாற்பதில் ஒன்று, சுண்ணாம்புக்குளம் இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைக்குப் போகிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இந்த அல்லிக்குழி மலைப் பக்கம்தான். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. தமிழகத்தில் மனித வகையினர் நடந்ததற்குச் சான்றுள்ள மிகப் பழைய நிலம் என்று இதைச் சொல்லலாம். இந்த மலை கூழாங்கற்கள் இறுகி உருவானது. மேற்பரப்பு சிதைந்த இடங்களில் உருண்டைக் குவார்ட்சைட் கற்கள் பாதை முழுவதும் சிதறிக் கிடக்கும். கால் வைத்தால் உருளும், டயர் ஏறினால் பக்கவாட்டில் தள்ளும். முட்செடிகள் இருபுறமும் நெருங்கி நிற்கும். குகையில் வழிபாடும் உண்டு. இங்கே சைக்கிள் கூடாது என்றே நான் சொல்வேன். தொல்பொருள் சிதறிக் கிடக்கும் மண்ணில் சக்கரம் கீறும் ஒவ்வொரு கோடும் இழப்பு.

எந்தப் பாதை சக்கரத்தைத் தாங்கும் என்பதற்குத் தடம் அமைப்போர் கைக்கொள்ளும் கணக்கு உண்டு. பாதையின் சராசரி ஏற்றம் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மலைச்சரிவின் பாதியைத் தாண்டக் கூடாது. பாதையின் பரப்பு பள்ளப் பக்கம் சற்றே சாய்ந்து, தண்ணீர் குறுக்கே வழிந்து போக வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும் நம் மலைகளில் இந்தச் சாய்வு தவறினால் பாதை ஓரிரு மழையில் ஓடையாகிவிடும். இதைப் பார்த்துச் சரிசெய்ய ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். இலைச் சருகை வாரி, வடிகால் கல்லை நகர்த்தி, விழுந்த மரத்தை அறுத்துப் போடும் வேலை அது. தை, மாசியில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் காவலர்களும் மலைவாழ் மக்களும் இதே வேலையைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் கூலி குறைவு.

சைக்கிளுக்கென வழி திறப்பதானால் மூன்று பதிவுகள் முதலில் தேவை. பழைய குதிரைப் பாதைகளையும் கூப்பு ரோடுகளையும் தோட்டப் பாதைகளையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றிலும் யானை வரும் காலத்தையும் தீக்காலத்தையும் குறிக்க வேண்டும். அந்தப் பாதையில் தலைமுறையாக நடந்த ஊர்களின் கிராம சபை என்ன சொல்கிறது என்பதை எழுத்தில் சேர்க்க வேண்டும். வசூலாகும் கட்டணத்தின் முதல் பங்கு பாதை பராமரிப்பவரின் ஆண்டு முழுமைக்குமான ஊதியத்துக்குப் போக வேண்டும். வழிகாட்டிக்கான நாள்கூலியும் பயணிகளுக்கான வசதியும் அதற்குப் பிறகே.