நாள், வாரம், மூன்று மாதம்: கருத்தடை மருந்துகளின் கால ஒழுங்கும் இராமநாதபுரக் கடற்கரையும்

கருத்தடை மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் வேதிப்பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுத்துக்கொள்வது என்னும் கால ஒழுங்கிற்கும் தனி வரலாறு உண்டு. இந்திய அரசுத் திட்டத்தில் இடம்பெற்ற மூன்று ஒழுங்குகளை ஒப்பிட்டு, அவற்றில் பெண்ணின் கட்டுப்பாடு எங்கு நிற்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலாவது, நாள்தோறும் உண்ணும் மாத்திரை. 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு ஒப்புதல் பெற்ற ஈனோவிட், 20 நாள் உண்டு இடைவெளி விடும் முறையில் அமைந்தது. அவ்விடைவெளி மாதவிடாயை ஒத்த உதிரப்போக்கை உண்டாக்கவே வகுக்கப்பட்டது. மருத்துவத் தேவை அன்று. இந்திய அரசின் மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரைகளுடன் 7 இரும்புச்சத்து மாத்திரைகள் சேர்க்கப்பட்டதால், இடைவெளி நாள்களை எண்ணும் சுமை நீங்கியது.

இரண்டாவது, வார மாத்திரை. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமான் ஹார்மோன் அன்று. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளின்மீது செயற்படுவது. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும், பின்னர் வாரம் ஒருமுறையும் உண்ணப்படுகிறது.

மூன்றாவது, மூன்று மாதத்திற்கு ஒருமுறை இடப்படும் டி.எம்.பி.ஏ. ஊசி. 2017இல் 'அந்தரா' என்னும் பெயரில் அரசுத் திட்டத்திற்குள் வந்தது.

இராமநாதபுரக் கடற்கரையில் காலம் வேறு அளவைகளால் அளக்கப்படுகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு ஏற்றவற்றமே வேலை நேரம். இத்தகைய வாழ்க்கைக்கு, உரிய நாளுக்கு 2 வாரம் முன்பு முதல் 4 வாரம் பின்பு வரை இடத்தக்க ஊசி நெகிழ்வானதாகத் தோன்றலாம். ஆனால் இட்ட ஊசியைத் திரும்பப் பெற இயலாது. நிறுத்திய பின்னரும் கருவுறும் திறன் மீளப் பல மாதங்கள் ஆகலாம். மாத்திரையோ மறதிக்கு இடந்தராது. எனினும் விரும்பிய நாளில் நிறுத்தலாம். நெகிழ்வும் கட்டுப்பாடும் இங்கு எதிரெதிர்த் திசையில் செல்கின்றன.

இரு மாதத்திற்கு ஒருமுறை இடப்படும் நெட்-என் ஊசியின் சோதனையை எதிர்த்து, ஸ்திரீ சக்தி சங்கடனா உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்சநீதிமன்றத்தை நாடியதன் அடிப்படையும் இதுவே: நீண்டகாலம் செயற்படும் மருந்திற்கு அறிந்து தரும் ஒப்புதல் இன்றியமையாதது.

தமிழகத்தில் திருமணமான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டுள்ளதை 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. தற்காலிக முறைகள் விளிம்பில் நிற்கும் இச்சூழலில், எந்த ஒழுங்கு சிறந்தது என்பதைவிட, அதை நிறுத்தும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே வரலாற்றாய்வு எழுப்ப வேண்டிய வினாவாகும்.