எம்டன்: ஒரு சொல்லும் ஒரு கப்பலும்

ஆர்.எஸ்.புரம் டீக்கடை பெஞ்சில் ஒருத்தரைப் பற்றி 'அவன் எம்டனுங்க' என்று சொன்னால் விளக்கம் தேவைப்படுவதில்லை. பலே ஆள், எதற்கும் அஞ்சாதவன், கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பாராட்டும் எச்சரிக்கையும் கலந்த இந்தச் சொல்லுக்குள் ஒரு ஜெர்மானியக் கடற்படை அதிகாரியின் வாழ்க்கை கிடக்கிறது.

கார்ல் ஃபான் முல்லர் 1873இல் ஹனோவரில் பிறந்து, 1891இல் கடற்படையில் சேர்ந்தார். காலனிகளைப் பங்கு போட ஜெர்மனி முண்டியடித்த காலம். கிழக்கு ஆப்பிரிக்கக் காலனியில் பணியாற்றியபோது பிடித்த மலேரியா அவரைக் கடைசிவரை விடவில்லை. 1913இல் எம்டனுக்குக் கேப்டனானார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, ஏறத்தாழ 130 குண்டுகளை வீசினார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. குறைந்தது 5 பேர் செத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூட்டைமுடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்கள். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' எம்டனை முடித்துவைத்தது. சிறைப்பட்ட முல்லர் 1917இல் இங்கிலாந்து முகாமிலிருந்து தப்பிப் பிடிபட்டார், 1923இல் இறந்தார்.

பிடிபட்ட வணிகக் கப்பல்களின் ஆட்களைக் கௌரவமாக நடத்தியவர் என்று எதிரியான ஆங்கிலப் பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்தன. வெள்ளை அதிகாரிகள் தமக்குள் பரிமாறிக்கொண்ட கனவான் சான்றிதழ் அது. துறைமுகத்தில் செத்தவர்களுக்கு அதில் இடமில்லை.

நம் ஜனங்களின் சந்தோஷம் வேறு மாதிரியானது. அசைக்க முடியாதவன் என்றிருந்த வெள்ளைக்காரன் அரைமணி நேரத்தில் ஆடிப்போனதைக் கண்ட சந்தோஷம். சொல் அங்கேதான் பிறக்கிறது. அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எம்டன் அடிமைப்பட்டவர்களின் கப்பல் அல்ல. முல்லர் பொறுப்பேற்பதற்கு முன், 1911 ஜனவரியில், பசிபிக்கின் பொனாபே தீவில் கட்டாய உழைப்பை எதிர்த்துக் கிளம்பிய சோக்கேஸ் மக்களின் கலகத்தை ஒடுக்கப் போனதும் இதே எம்டன்தான். அடுத்த மாதம் கலகக்காரர்கள் 15 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தீவில் 'எம்டன்' என்ற பெயர் பாராட்டாகவா ஒலித்திருக்கும்?

ஆதிக்கத்தை ஆதிக்கமே அடிக்கும்போது கைதட்டுவது எளிது. வெள்ளையர் கம்பெனியை எதிர்த்து 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி., அதற்கான விலையை இதே கோவைச் சிறையில், 1908க்கும் 1910க்கும் இடையே, செக்கிழுத்துக் கொடுத்தார். எம்டன் குண்டு போட்டபோது அவர் விடுதலையாகி இரண்டு வருஷம்கூட நிறையவில்லை, கம்பெனியும் அழிந்திருந்தது. அவருக்குப் பட்டங்கள் கொடுத்தோம், சிலைகள் வைத்தோம். டீக்கடைப் பேச்சில் துணிச்சலுக்குப் பெயராக மட்டும் குண்டு போட்ட கப்பலையே வைத்துக்கொண்டோம்.