ஏடு தொடங்குதல் முதல் மழலையர் வகுப்பு வரை: புதுக்கோட்டை வட்டாரத்தில் குழந்தையைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திய முறைகள்

ஆய்வுச்சுருக்கம்

பள்ளியில் சேர்வதற்கு முன் குழந்தையை ஆயத்தப்படுத்துவது என்னும் கருத்து காலந்தோறும் வெவ்வேறு பொருளில் வழங்கியுள்ளது. எழுத்தறிவிப்புச் சடங்கு, சத்துணவு, தாயின் எழுத்தறிவு, மழலையர் வகுப்பு ஆகியவற்றைப் புதுக்கோட்டைப் பின்புலத்தில் வைத்து, ஆயத்தப்படுத்தும் பொறுப்பு யாருடையதாகக் கருதப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மையாடல், திண்ணைப் பள்ளி, மணலெழுத்து, சத்துணவு, அறிவொளி இயக்கம், மழலையர் வகுப்பு

முன்னுரை

மூன்று வயதுக் குழந்தையை மழலையர் வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோரிடம் இன்று கேட்கப்படுபவை பெரும்பாலும் குழந்தையைப் பற்றிய கேள்விகளே. நிறம் சொல்லுமா, எண் சொல்லுமா, தனியே உண்ணுமா, தாயைப் பிரிந்து இருக்குமா என்பன அவை. ஆயத்தமாக வேண்டியது குழந்தை என்ற எண்ணம் இக்கேள்விகளுக்கு அடிப்படையாக உள்ளது. இவ்வெண்ணம் பழமையானதன்று. இதனைத் தெளிவாகக் காண ஏற்ற களம் புதுக்கோட்டை. தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த இச்சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைந்தது. பின்னர் 1974 சனவரி 14இல் தனி மாவட்டமானது.

அரிசியும் மணலும் ஓலையும்

திண்ணைப் பள்ளிக் காலத்தில் குழந்தைக்கு ஐந்து வயது நிறையும்போது நல்ல நாள் பார்த்து ஏடு தொடங்குவது வழக்கம். விசயதசமி அதற்குரிய சிறந்த நாளாகக் கொள்ளப்பட்டது. ஓலைச் சுவடிக்கு மஞ்சள் பூசி, எழுத்து விளங்க மை தடவிக் குழந்தையின் கையில் கொடுப்பர். இதனை மையாடல் விழா என வழங்கினர். அரிச்சுவடி என்னும் பெயரே, பாடம் தொடங்குகையில் சொல்லப்பட்ட அரி வணக்கத்திலிருந்து வந்தது என்பர். அவ்வணக்கத்தின் பிற்பகுதியான ‘நமோத்து சிந்தம்’ என்பது சித்தரை வணங்கும் சமணத் தொடரின் திரிபு என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. சித்தன்னவாசலில் சமணர் படுக்கைகளும் தமிழி எழுத்துகளும் உள்ள இம்மாவட்டத்தாருக்கு இக்கருத்து வியப்பளிக்காது.

இச்சடங்கின் நடைமுறையை 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கை விரிவாகக் கூறுகிறது. பெல்லாரி தமிழ் நிலமன்று. எனினும் அறிக்கை கூறும் முறை தென்னிந்தியாவில் பரவலாக வழங்கிய முறையோடு பெரிதும் ஒத்துள்ளது. குழந்தைக்கு ஐந்து வயதானதும் பெற்றோர் ஆசிரியரையும் மாணவரையும் தம் இல்லத்திற்கு அழைக்கின்றனர். பிள்ளையார் உருவைச் சுற்றி அனைவரும் அமர, குழந்தை அதற்கு நேரெதிரே அமர்த்தப்படுகிறது. ஆசிரியர் அதன் விரலைப் பிடித்து அரிசியில் இறைவன் பெயரை எழுதுவிக்கிறார். மறுநாள் காலை குழந்தை பள்ளிக்குச் செல்கிறது.

இங்கு ஒரு செய்தி ஊன்றிக் கவனிக்கத்தக்கது. குழந்தை பள்ளிக்குச் செல்வதற்கு முன்பே பள்ளி குழந்தையின் வீட்டிற்கு வந்துவிடுகிறது. மறுநாள் திண்ணையில் காணப்போகும் முகங்களை முதல்நாளே தன் வீட்டுக் கூடத்தில், தாய் தந்தையர் அருகிருக்க, அது கண்டுவிடுகிறது. பிரிவச்சத்தைத் தணிக்க இக்காலக் கல்வியாளர் பரிந்துரைக்கும் முன்னறிமுகத்தைச் சடங்கே செய்து முடித்திருக்கிறது. அதற்கு முன் குழந்தைக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என எவரும் எதிர்பார்க்கவில்லை.

எழுதுபொருளின் வரிசையிலும் ஒரு நிதானம் உண்டு. முதலில் அரிசி, அடுத்து மணல், பின்னரே ஓலையும் எழுத்தாணியும். பிஞ்சு விரலால் ஓலையைக் கீற இயலாது. கீறிய பிழையை அழிக்கவும் இயலாது. மணலிலோ உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் பிழை மறைந்துவிடும். தவறு செய்ய அஞ்சாத ஒரு காலம் குழந்தைக்கு இதனால் வாய்த்தது எனலாம். ஆசிரியரின் பிரம்பையும் சட்டாம்பிள்ளையின் அதிகாரத்தையும் மறந்து திண்ணைப் பள்ளியைப் புகழ்வது பொருந்தாது. ஆயினும் மணலின் பயன் தனித்து மதிக்கத்தக்கது.

புதுக்கோட்டையில் மணலெழுத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. மௌன விரதம் பூண்டிருந்த சதாசிவப் பிரம்மேந்திரர் 1738இல் விசயரகுநாதராயத் தொண்டைமானுக்கு உபதேசத்தை மணலில் எழுதிக்காட்டினார் என்றும், மன்னர் அம்மணலைத் தம் மேலாடையில் ஏந்திச் சென்று அரண்மனையில் வைத்து வழிபட்டார் என்றும் சமஸ்தான மரபு கூறும். சமஸ்தானத்தின் நவராத்திரி விழாச் சிறப்பையும் இவ்வருளுடன் இணைத்துப் பேசுவர். அவ்விழாவில் அரிசியுடன் அம்மன் காசும் வழங்கப்பட்டது. மன்னரும் மணலில் எழுத்துப் பெற்றவரே என்பது இம்மரபின் சுவை.

மணலெழுத்து கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் சிறுவர் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அதனையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் தம் இல்லத்தில் புகுத்தினார். இங்கிலாந்து திரும்பி 1797இல் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அந்நாட்டுப் பள்ளிகளில் மணல் தட்டுகள் இடம்பெற்றன. தம் பிள்ளைகளின் கைப்பழக்கம் பிற நாட்டில் முறை எனப் பெயர் பெற்றதை இங்குள்ள திண்ணை ஆசிரியர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

திண்ணைக்கு வெளியே

இச்சடங்கு எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதாக இருக்கவில்லை. தாமஸ் மன்றோவின் கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498, பயின்றோர் ஏறத்தாழ 1,88,000. அவர்களுள் பெண் பிள்ளைகள் ஐயாயிரத்துக்கும் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குத் திண்ணையில் ஏறவே உரிமையில்லை. சமஸ்தானமாதலால் புதுக்கோட்டை மாகாண மாவட்டங்களுள் ஒன்றன்று. ஆயினும் அதன் சமூக அமைப்பு வேறுபட்டதன்று.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமியின் வாழ்க்கை இதற்குச் சான்றாகும். தந்தை நாராயணசாமி, மன்னர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபினர். கற்ற தந்தை வாய்த்தும், பருவமெய்திய பின் வீட்டிலிருந்தே பயின்றுதான் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஆடவர் கல்லூரியில் பெண்ணைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பை மீறி மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். கற்கும் ஆயத்தம் அவரிடம் குறைவின்றி இருந்தது. ஏற்கும் ஆயத்தம் ஊரிடம்தான் இல்லை.

எடையும் சோறும்

விடுதலைக்குப் பின் ஆயத்தம் என்னும் சொல் உடலைச் சார்ந்தது. 1980இல் உலக வங்கி நிதியுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மாவட்டங்களுள் புதுக்கோட்டையும் ஒன்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை கூடாதோர்க்குத் துணை உணவு அளிப்பது அதன் செயல்முறை. 1982 சூலை 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாகுறிச்சியில் தொடங்கப்பட்ட சத்துணவுத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதலான குழந்தைகளுக்கும் சோறிட்டது. கண்மாய் நீரையும் வானத்தையும் நம்பிய புன்செய் நிலப் பகுதியில் நடவுக்கும் கல்லுடைக்கவும் செல்லும் தாய்மார், பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் இடம் கிடைத்தது. ஊரார் நாவில் அது பால்வாடி. பள்ளி என்பது சோறு கிடைக்கும் இடம், ஆயா இருக்கும் இடம் என்ற நம்பிக்கையோடு அக்குழந்தைகள் முதல் வகுப்புக்குள் நுழைந்தன. கல்வி ஆய்வுகள் இதனைச் சேர்க்கை எண்ணிக்கையோடு மட்டும் நிறுத்திக்கொள்வது குறையே.

தாய் தொடங்கிய ஏடு

1991இல் புதுக்கோட்டையில் தீவிரமடைந்த அறிவொளி இயக்கம் வளர்ந்தோர்க்கான இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். இவ்வாறு கற்ற ஊரகப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என பி. சாய்நாத் எழுதியுள்ளார். 1992இல் யுனெஸ்கோவின் செஜோங் மன்னர் எழுத்தறிவு விருது இவ்வியக்கத்திற்குக் கிடைத்தது. இதன் பாடநூல் அகரத்தில் தொடங்கவில்லை, ‘பட்டா’ என்னும் சொல்லில் தொடங்கியது என்பதைப் பிரான்சிஸ் கோடியின் நூல் (2013) எடுத்துக்காட்டுகிறது. குழந்தைக்கு மணலில் அகரம், தாய்க்கு நிலவுரிமை ஆவணத்தின் பெயர். இருவருக்கும் எழுத்தின் வாயில் வேறு வேறாக அமைந்தது.

மழலைக் கல்வி வரலாற்றில் அறிவொளியைச் சேர்ப்பது வழக்கமன்று. சேர்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. மையாடல் விழாவில் குழந்தையின் விரலைப் பிடித்தவர் ஆசிரியர். தாய் அருகில் அமர்ந்திருந்தாள், எழுத்தறியாதவளாக. பிள்ளையின் சிலேட்டைத் தானே படித்துப் பார்க்கும் தாய், மிதிவண்டியின் பின்னிருக்கையில் பிள்ளையை ஏற்றித் தானே பள்ளியில் விடும் தாய் என்னும் நிலை, 1990களில்தான் இம்மாவட்டத்தின் உழைக்கும் குடும்பங்களில் பரவலாக இயல்வதாயிற்று.

மழலையர் வகுப்பு

புரோபல் என்னும் செருமானியர் 1837இல் பிளாங்கன்பர்க்கில் நிறுவிய குழந்தைகள் நிலையத்திற்கு 1840இல் ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டார். விளையாட்டும் பாட்டும் கைவினையுமே அதன் பாடங்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். ஆனால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என இங்குத் தனியார் பள்ளிகள் வழியே ஊர்தோறும் பரவியதில் தோட்டத்தைவிடக் குறிப்பேடே மிகுதி. பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டு அங்குச் செல்வதைத் தடுக்க, 2019 சனவரியில் தமிழ்நாடு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. உபரியாகக் கருதப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அவற்றிற்கு அனுப்பப்பட்டனர். மழலையர்க்குக் கற்பிக்கத் தாம் பயிற்சி பெறவில்லை என அவர்களுள் சிலர் நீதிமன்றம் சென்றனர். 2022இல் அவ்வாசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். வகுப்புகளை நிறுத்தும் பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர்.

குழந்தை வகுப்புக்கு ஆயத்தமா எனக் கேட்கும் அதே ஆண்டுகளில், குழந்தைக்கான ஆசிரியர் யார் என்பதே அரசாணைகளில் மாறிக்கொண்டிருந்தது. 1823ஆம் ஆண்டு அறிக்கையில் அதற்கு விடை உண்டு. முதல்நாளே வீட்டுக்கு வந்து குழந்தையின் அருகில் அமர்ந்தவர் அவர்.