சித்தப்பாவின் சைக்கிளும் நான் வைத்த ஒட்டும்

போன மாதம் எங்கள் கொல்லைக் கொட்டகையைப் பிரித்தோம். ஓலை எல்லாம் இறக்கிய பிறகு பார்த்தால், விட்டத்தில் ஒரு சைக்கிள் ஃப்ரேம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரம் இல்லை, ஹேண்டில் இல்லை, சீட் இல்லை. பழைய இரும்புக்காரர் தராசோடு நின்றுகொண்டு, "இதையும் கிலோவுல சேத்துரலாமா சார்?" என்றார். "அத மட்டும் விட்டுருங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நாள் ஆகியிருக்கும். அந்த அரை நாள் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அது என் சித்தப்பாவின் சைக்கிள். மண்டபம் கரையில் விடியற்காலை மீன் எடுத்து, வேதாளை, உச்சிப்புளி, பெருங்குளம் என்று ஊர் ஊராக விற்றுக்கொண்டு வருவார். பின் கேரியரில் பெரிய கூடை ஒன்று, அதன் இருபுறமும் சின்னக் கூடைகள். இருபத்திநாலு இஞ்சு உயரம், கறுப்பு பெயிண்ட், கம்பி பிரேக். யாரிடமோ பழையதாக வாங்கியது. கம்பெனிப் பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது.

சைக்கிளை நாம் எல்லோரும் ஓட்டியிருக்கிறோம். அதன் எலும்புக்கூட்டை உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. கயிற்றுக் கட்டிலின் நான்கு சட்டங்களில் ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் கட்டில் ஒருபக்கமாகச் சாய்கிறது. குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் அசையாது. நான்கு பக்கம் கோணும், மூன்று பக்கம் கோணாது. ஓட்டு வீட்டுக் கூரையில் கைமரத்தை முக்கோணமாகக் கட்டுவது இதனால்தான். சைக்கிளும் அப்படியே. மேலே ஒரு பார், கீழே சாய்வாக ஒரு குழாய், சீட்டுக்குக் கீழே செங்குத்தாக ஒரு குழாய். முன்னால் ஹேண்டில் நுழையும் குட்டைக் குழாய் இருப்பதால் அது முழு முக்கோணம் ஆகாது, கிட்டத்தட்ட முக்கோணம். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஜோடி மெல்லிய குழாய்கள் இன்னொரு முக்கோணம். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள இந்தக் குழாய்கள்தான் ஒரு ஆளையும் அறுபது கிலோ மீனையும் சுமந்தன.

இந்த வடிவத்துக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் காவெண்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885இல் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முன் இருந்தது ஆள் உயரச் சக்கரம் கொண்ட வண்டி. விழுந்தால் தலைதான் முதலில் தரையில் படும். ரோவரில் இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அடுத்த சில ஆண்டுகளில் இந்த வைர வடிவ ஃப்ரேம் நிலைத்துவிட்டது. இன்று தெருவில் போகும் சைக்கிளைப் பாருங்கள், அடிப்படை அதேதான்.

குழாய் கிடைத்துவிடும். அதை எப்படி மூட்டுவது என்பதுதான் கேள்வி. மெல்லிய குழாயை உருக்கி ஒட்டினால் ஓட்டை விழுந்துவிடும். அதற்காக வந்ததுதான் 'லக்' என்ற உறை. நம் தண்ணீர்க் குழாய்க்கு எல்போ மாட்டுகிறோமே, அதுபோல. இரண்டு குழாய் சந்திக்கும் இடத்தில் சரியான கோணத்தில் வார்த்த அல்லது அழுத்திச் செய்த உறைக்குள் குழாய் முனைகளைச் செருகுவார்கள். குழாய்க்கும் உறைக்கும் இடையே தலைமுடி போகிற அளவு இடைவெளி இருக்கும். நன்றாகச் சூடாக்கிப் பித்தளையைக் காட்டினால் அது உருகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த இடைவெளி முழுக்கத் தானே ஓடிவிடும். பித்தளை உருகுவது 900 டிகிரியை ஒட்டி. இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். ஆகவே குழாய் உருகாது, பித்தளை மட்டும் உருகிப் பிடித்துக்கொள்ளும். இரும்பின் மேல் ஆக்சைடு படியாமலிருக்க வெங்காரம் தடவுவார்கள்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பத்தர் தாலிக் குண்டு ஒட்டும்போது வெங்காரம் தொட்டு, பொடி வைத்து, ஊதுகுழலில் ஊதுகிறாரே, அதே வித்தைதான். பற்றாசு என்ற பழைய சொல் இதற்குத்தான். அவர் தங்கத்தில் செய்ததை இங்கிலாந்துத் தொழிற்சாலை இரும்பில் செய்தது, அவ்வளவே.

நம் பக்கத்துக்கு வெகுகாலம் ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் எல்லாம் கப்பலில்தான் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. முருகப்பா குடும்பம், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தது. சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் தயாரானது. சைக்கிள் செய்தால் போதாது, குழாயும் இங்கேயே வேண்டும் என்று 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முருகப்பா குடும்பத்தின் பள்ளத்தூர் அன்று நம் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1985இல் மாவட்டம் பிரிந்த பிறகுதான் அது சிவகங்கைப் பக்கம் போனது. வடக்கே சோனிப்பட்டில் அட்லஸ் 1951இல், லூதியானாவில் ஹீரோ 1956இல். பத்து வருடத்துக்குள் சைக்கிள் பணக்காரன் வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி, பால்காரர், தபால்காரர், மீன்காரர் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் நம் கரைக்கென்று ஒரு எதிரி உண்டு. உப்பு. மண்டபம், பாம்பன் பகுதி இரும்பை மிக மோசமாக அரிக்கும் இடங்களில் ஒன்று என்று உலக அளவில் பெயர் எடுத்தது. காற்றிலேயே உப்பு. அது இரும்பின் மேல் படிந்து, இரவில் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். சித்தப்பா சைக்கிளுக்கு இதற்கு மேலும் ஒன்று. கூடையிலிருந்து ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் பின் குழாய் வழியாக வழிந்து, பெடல் அச்சு ஓடும் பெட்டிக்கு வந்து தேங்கும். ஃப்ரேமில் மிகத் தாழ்ந்த இடம் அதுதான். மூன்று திசையிலிருந்து குழாய்கள் வந்து மூட்டும் இடமும் அதுதான். பித்தளையும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டியிருந்தால் அரிபடுவது இரும்புதான். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே குழாய் அப்பளம் ஆகிவிடும்.

1974இல் நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பயிற்சி முடித்து, இராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். இருபது வயது. கையில் எலக்ட்ரோடு பிடித்தால் உலகத்தையே ஒட்டிவிடலாம் என்று நினைப்பு. ஒரு நாள் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாய்வுக் குழாய் பெட்டியோடு சேரும் இடத்தில் தலைமுடிபோல் ஒரு விரிசல். எப்போதும் அவர் போகும் சைக்கிள் கடை பாய், இரண்டு நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் என்றால் இரண்டு நாள் வியாபாரம் போச்சு.

"எதுக்குச் சித்தப்பா ரெண்டு நாளு? அஞ்சு நிமிசம்" என்றேன்.

எலெக்ட்ரிக் வெல்டிங்தான் வைத்தேன். பற்றவைத்த உடனே வெள்ளை வெளேரென்று புகை வந்தது. பொருட்படுத்தவில்லை. தடிமனாக ஒரு வரி ஓட்டி, தட்டி, கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அன்று ராத்திரி எனக்குக் குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கியது. அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார். காலையில் சரியாகிவிட்டது, அதையும் மறந்துவிட்டேன்.

பதினெட்டாம் நாள் உச்சிப்புளிக்கு இந்தப் பக்கம், இறக்கத்தில், மீன் பாரத்தோடு ஃப்ரேம் இரண்டாக மடங்கியது. நான் வைத்த வரி அப்படியே இருந்தது. அதை ஒட்டினாற்போல் பக்கத்தில் குழாய் சுற்றிலும் விட்டுப்போயிருந்தது. சித்தப்பாவுக்கு வலது காறை எலும்பு முறிவு. மூன்று மாதம் கை தூக்க முடியவில்லை. சித்தி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே விற்றார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த தங்கச்சி வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றது. மூன்று மாதத்துக்கு என்றுதான் நின்றது. பிறகு போகவே இல்லை.

சித்தப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தலை குனிந்து நின்றபோது, "உப்பு தின்ன இரும்புப்பா. நீ என்ன செய்வ?" என்றார். அதற்குப் பதில் ஒரு அடி கொடுத்திருக்கலாம்.

உடைந்த ஃப்ரேமை நானே தோளில் போட்டுக்கொண்டு சைக்கிள் கடை பாயிடம் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உள்ள பித்தள இருக்குமே, அத எடுத்தியா?"

"இல்ல பாய்."

"பித்தள மேல கரண்டு வச்சா நிக்குமா? வெள்ளப் பொகை வந்துச்சா?"

"வந்துச்சு."

"ராத்திரி குளிரடிச்சுதா?"

நான் வாயடைத்து நின்றேன். பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. மின்சார வெல்டிங் சூட்டில் அது கொதித்து ஆவியாகிவிடும். அந்தப் புகைதான் எனக்குக் காய்ச்சல். ஆவி வெளியேறிய இடமெல்லாம் ஒட்டில் பொத்தல் விழும். மிச்சமிருக்கும் செம்பு, சிவந்திருக்கும் இரும்பின் உள்ளே நுழைந்து அதை விரிசல் விடவைக்கும். இதற்கு மேல், உப்பு தின்று மெலிந்த குழாய். தடிமனான ஒட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் இருந்தால் ஆட்டமெல்லாம் அந்த ஓரத்தில்தான் வந்து விழும். இந்த விளக்கம் எல்லாம் நான் பின்னால் படித்தது. பாய் படித்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு நாள் என்று அவர் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் பார்த்தேன். நான் கெடுத்த பெட்டியை அறுத்து எடுத்துவிட்டு, காயலான் கடையில் கிடந்த வேறொரு ஃப்ரேமிலிருந்து பெட்டி கொண்டுவந்தார். மற்ற குழாய்களை உலையில் சூடுகாட்டி, பித்தளை இளகியதும் ஒவ்வொன்றாக உருவினார். லக் மூட்டின் பெருமை இதுதான், ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கலாம். சாய்வுக் குழாயில் அரித்துப்போன நாலு அங்குலத்தை வெட்டி, உள்ளே ஒரு துண்டுக் குழாய் செருகி, புதுத் துண்டு சேர்த்தார். ஒன்றே அரைக்கால் அங்குலக் குழாய் வழுக்கிக்கொண்டு போகிற வரைக்கும் அரம் போட்டார். நூல் பிடித்து ஃப்ரேம் கோட்டம் பார்த்தார். முழுதாக ஒரு நாள் இந்த ஆயத்தத்துக்கே போனது. பித்தளை ஓடியது ஒரு நிமிடம்கூட இல்லை. நான் ஊதுலை சுற்றினேன். கடைசியில் சீட் குழாய் வழியாகக் கழிவு ஆயில் ஊற்றி, ஃப்ரேமைப் புரட்டிப் புரட்டி வைத்தார். பெட்டிக்கு அடியில் சின்னதாக ஒரு துளை போட்டு, "தண்ணி போக வழி விடணும் தம்பி" என்றார்.

அந்த சைக்கிளைச் சித்தப்பா மேலும் பதினோரு வருடம் ஓட்டினார்.

பின்னால் நான் பயிற்றுநர் வேலைக்குப் போனேன். ஒவ்வொரு வருடமும் மாணவர்களை ஒரு நாள் உட்காரவைத்து, ஒட்டுவதற்கு முன் அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார், என்பதைத்தான் முதல் பாடமாகச் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவைப்படவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், நிலம் கொடுத்தவர் அழகப்பர், 1953இல் திறந்தார்கள். அந்த நிலையத்தார் நம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வைத்து அரிப்பை அளக்கிறார்கள். சித்தப்பா சைக்கிள் எந்தச் சம்பளமும் வாங்காமல் அதே சோதனையைச் செய்துகொண்டிருந்தது.

இன்னொரு உதாரணம் பாம்பன் பாலம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் முழுக்க ரிவெட் அடித்து மூட்டியது. 1988இல் சாலைப் பாலம் வரும் வரை தீவுக்கு ஒரு சைக்கிள் போக வேண்டுமென்றால் ரயிலில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் படகு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் இரும்பு மூட்டுகள் வெல்டிங். இப்போதைய சைக்கிள்களும் பெரும்பாலும் வெல்டிங்தான், லக் இல்லை. ஆகவே வெல்டிங் தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கென்று குழாயைத் தேர்ந்து, சுத்தம் செய்து, அளந்த சூட்டில் ஒட்டினால் அது நிற்கும். பித்தளை இருந்த இடத்தில், அரித்த குழாயில், அஞ்சு நிமிடத்தில் ஒட்டினால்தான் நிற்காது.

சித்தப்பா போய் இருபது வருடம் ஆகிறது. தங்கச்சிக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். போன வாரம் தங்கச்சி வீட்டுக்கு வந்தபோது கொல்லையில் ஃப்ரேமைப் பார்த்துவிட்டு, "இன்னும் வச்சிருக்கியாண்ணே?" என்று கேட்டது. அன்று நான் பதிலும் சொல்லவில்லை.

மறுநாள் ரம்பம் எடுத்து, பாய் வைத்த அந்த மூட்டை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து எடுத்தேன். நெடுக்கில் பிளந்து பார்த்தேன். ஐம்பது வருடம் ஆகியும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே மஞ்சள் கோடு விடாமல் ஓடுகிறது. நான் வேலை பார்த்த இடத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்தேன், பிள்ளைகள் பார்க்கட்டும் என்று. மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். ஆறே முக்கால் கிலோ இருந்தது.